கதவில்லாத கலிங்கு

ரவாங்கில் வாழ்கின்றவர்க்கு நீர் இறைக்கும் பொறி புதுமையன்று. 1894ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் இவ்வூர் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி, மின்விசையால் நீரை இறைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதைக் குறிக்கும் முதற் பதிவு அதுதான் என்பர். இந்தச் செய்தியை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். தமிழர் ஒருவர் பெயர் அதில் இருப்பதால் சற்று உரத்த குரலிலேயே சொல்வேன். அப்படிப் பெருமை பேசிய எனக்கு, என் வீட்டுக் கூடத்தில் இருந்த நாலடித் தொட்டி ஒன்றின் நீரை ஆளத் தெரியவில்லை. அந்தக் கதையை எழுதத்தான் இப்போது அமர்ந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியின் அறிவியல் மூலையில் ஏழு தங்கமீன்கள் இருந்தன. நான்காம் ஆண்டு மாணவர்கள் அவற்றுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். பாரி, காரி, ஓரி, ஆய், நள்ளி, பேகன், அதியமான். எது எந்த மீன் என்பதில் அவர்களுக்குள் நாள்தோறும் வழக்கு நடக்கும். எனினும் ஏழு பெயர்களும் எல்லாருக்கும் மனப்பாடம். நீண்ட பள்ளி விடுமுறையில் அந்த அறைக்கு வண்ணம் பூச வேண்டியிருந்தது. மீன்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தபோது, “என் வீட்டில் இருக்கட்டும்” என்றேன். பிள்ளைகள் நெகிழிப் பைகளில் மீன்களைத் தந்தபோது, ஒருத்தி என்னிடம் எழுத்துமூலம் ஒப்புகை வாங்கிக்கொண்டாள்.

வாங்கிய பொறுப்பைச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு மிகுதியாகவே இருந்தது. நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினேன். அதன் கீழே, பலகைப் பெட்டிக்குள், வடிகட்டும் தொட்டி ஒன்று. மேல்தொட்டியின் நீர் ஒரு குழாய் வழியே கீழே வடியும்; அங்கே பஞ்சிலும் கற்களிலும் தூய்மையாகும்; பம்பு அதனை மீண்டும் மேலே தள்ளும். படத்தில் பார்த்தால் இது மிக எளிது. கரும்பலகையில் வரையச் சொன்னால் இரண்டே நிமிடத்தில் வரைந்துவிடுவேன்.

குழாய்களை வாங்கச் சென்றபோதுதான் என் அறியாமை தொடங்கியது. மீன் விற்கும் கடையில் குழாயையும், ஊர் இரும்புச் சாமான் கடையில் இணைப்புகளையும் வாங்கினேன். இரண்டும் பொருந்தவில்லை. ஒன்று வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்யப்பட்டது. மற்றொன்று முக்கால் அங்குலக் குழாய்க்கு உரியது. அந்தக் குழாயின் வெளிவிட்டமோ ஏறத்தாழ 26.7 மில்லிமீட்டர். முக்கால் அங்குலம் என்பது வெறும் பெயர். அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்த எண் குழாயின் வெளிப்புறத்தில் எங்கும் கிடைக்காது. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று இடைவெளியைப் பசையால் நிரப்பினேன். அந்தப் பசை, ஓட்டையை அடைக்கும் மாவு அன்று. குழாயின் மேற்பரப்பையும் இணைப்பின் உட்பரப்பையும் சற்றே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும் கரைப்பான் அது. இரண்டு பரப்பும் ஒன்றையொன்று தொட்டால்தான் அதற்கு வேலை. என் இணைப்புகள் அன்று மாலையே கசிந்தன.

எல்லாவற்றையும் அறுத்தெறிந்துவிட்டு, அரை அங்குலக் குழாய்க்கு மாறினேன். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். விட்டம் பாதியானால் வாயின் பரப்பு கால் பங்காகும் என்பதைப் பல ஆண்டுகள் பாடம் நடத்திய நான், கடையில் நின்றபோது நினைக்கவில்லை. குழாய் சுவரை ஒட்டி, மூலைக்கு மூலை திரும்பிச் செல்வது கண்ணுக்கு அழகாக இருந்தது. அதற்காக ஏழு முழங்கை இணைப்புகள் போட்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நீர் தன் விசையைச் சிறிது இழக்கிறது. பம்பு வந்த அட்டைப்பெட்டியில் மணிக்கு 2,000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். அது நீரை மேலே தூக்க வேண்டாத நிலையில் கிடைக்கும் கணக்கு. என் குழாய் வழியே வந்து விழுந்த நீரைப் பார்த்தால், பால்காரர் ஊற்றுவதுபோல் இருந்தது.

அடுத்து, வால்வு. வால்வு மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்று எண்ணினேன். கால் சுற்றில் மூடும் பந்து வால்வு நான்கு வாங்கினேன். அவற்றுள் ஒன்று பித்தளை. இவை தவிர, நீரை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வு ஒன்றைப் பம்பின் தலையில் பொருத்தினேன். தமிழாசிரியர்கள் இங்கே சற்று நிற்கலாம். வால்வுக்கு நம் கலைச்சொல்லாளர்கள் தந்த சொல் ஓரதர். அதர் என்பது வழி. ஓர் வழியே விடுவது ஓரதர். செக் வால்வுக்கு அந்தச் சொல் மிகப் பொருத்தம். ஆனால் பந்து வால்வு இரு திசையிலும் நீரை விடும். அதனை ஓரதர் என்பது பொருந்துமா என்று எனக்கு ஐயம் உண்டு. அதனைத் திறப்பான் என்றோ அடைப்பான் என்றோ சொல்லிவிடலாம். நிற்க.

இன்னொன்றும் செய்தேன், அதுதான் வினையாயிற்று. மேலிருந்து விழும் நீரின் ஓசை இரவில் படிக்க இடையூறாக இருந்தது. பம்பிலிருந்து வரும் குழாயின் முனையை நீட்டி, நீர்மட்டத்துக்கு இருபது சென்டிமீட்டர் கீழே அமிழ்த்திவிட்டேன். ஓசை அடங்கியது. மனைவியை அழைத்து, “கேட்டாயா?” என்றேன். “ஒன்றும் கேட்கவில்லையே” என்றாள். அதுதான் என் வெற்றி.

ஒன்பதாம் நாள் இரவு இடியும் மழையும். ரவாங் வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மின்னல் ஒன்று போதும், வீட்டின் மின்காப்புப் பொறி தானே விழுந்துவிடும். ஐந்து மணிக்கு விழித்தபோது வீடு இருண்டிருந்தது. தடவிச் சென்று பொறியை மேலே தள்ளினேன். விளக்கு எரிந்தது. அப்போதுதான் கால் நனைந்திருப்பதை உணர்ந்தேன். நீரில் நின்றுகொண்டு மின்விசையைத் தொட்டதற்காக மனைவி சொன்ன சொற்களை இங்கே எழுத வேண்டியதில்லை. அவை அத்தனையும் நியாயமானவை.

நடந்தது இதுதான். பம்பு நின்றதும், அமிழ்ந்திருந்த குழாய் முனை வடிகுழாய் ஆகிவிட்டது. உயரத்தில் உள்ள நீர், நிரம்பிய குழாய் வழியே தாழ்வை நோக்கி ஓடும். குழாய்க்குள் காற்று புகும்வரை நிற்காது. இதனைத் தடுக்கத்தான் செக் வால்வு. அது தடுக்கவில்லை. தொட்டியின் அடிப்பரப்பு 120க்கு 45 சென்டிமீட்டர். ஆகவே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 5.4 லிட்டர் போகும். இருபது சென்டிமீட்டருக்கு 108 லிட்டர். கீழ்த்தொட்டியில் நான் விட்டுவைத்திருந்த வெற்றிடமோ 30 லிட்டர். மீதி 78 லிட்டர், ஏறத்தாழ எட்டு வாளி, கூடத்தில் பரவிப் புத்தக அலமாரியின் அடித்தட்டுவரை சென்றிருந்தது. இது ஆறாம் ஆண்டு மாணவன் தேர்வில் செய்துவிடக்கூடிய கணக்கு. நான் அதனை வெள்ளம் வந்தபின் போட்டேன்.

நாங்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பம்பு மீண்டும் ஓடி, எஞ்சிய நீரையெல்லாம் மேலே தள்ளிவிட்டு, வறட்சியில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் குரலை யாரும் கவனிக்கவில்லை. எரிந்து போயிற்று.

இதுவரை குழாயின் பிழை. இனிச் சொல்லப்போவது என் பிழை. மீன்கள் ஏழும் அப்போது உயிரோடுதான் இருந்தன. நீர் கலங்கியிருந்தது, எனக்குப் பதற்றம். கலங்கிய நீர் முழுவதையும் இறைத்து ஊற்றினேன். வடிகட்டும் பஞ்சைக் குழாய் நீரில் நன்றாகக் கசக்கி அலசினேன். பின்பு தோட்டக்குழாயை நேரே தொட்டிக்குள் விட்டு நிரப்பினேன். குழாய் நீரில் குளோரின் இருக்கிறது. அது மீனின் செவுளை அரிக்கும். பஞ்சில் குடியிருந்து கழிவை மாற்றும் நுண்ணுயிர்களையும் கொல்லும். ஒரு நாள் முழுதும் வாய் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்த நீரையோ, குளோரின் நீக்கும் மருந்து கலந்த நீரையோதான் மீனுக்கு ஊற்ற வேண்டும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! 2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங் பகுதியில் ஆறு மாசுபட்டு, சுங்கை சிலாங்கூரின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி நீரின்றித் தவித்ததே, அதன் பின்னர் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பெரிய பீப்பாய்களில் நீர் எப்போதும் நிரம்பியிருக்கும். அன்றும் இருந்தது. அதன் நினைவே எனக்கு வரவில்லை.

மாலைக்குள் ஐந்து மீன்கள் மிதந்தன. பிழைத்தவை ஆயும் நள்ளியும். வள்ளல்களைச் சொல்லச் சொன்னால் மாணவர்கள் கடைசியில் திணறி நினைவுகூரும் இருவர்.

அதே நிறத்தில் ஐந்து மீன்களை வாங்கி விட்டுவிடலாமே என்று நண்பர் ஒருவர் கூறினார். கடைவரை சென்றேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பள்ளி திறந்த முதல் நாள், நான்காம் ஆண்டு வகுப்பில் நின்று நடந்ததை நடந்தவாறே சொன்னேன். சில பிள்ளைகள் அழுதார்கள். “பாரியுமா, ஐயா?” என்று ஒருவன் கேட்டான். ஆம் என்றேன். ஒப்புகை வாங்கிய பெண் அழவில்லை. எழுந்து நின்று, “மீனை விடுவதற்கு முன்னால் சுவிட்சை அணைத்துப் பார்த்தீங்களா, ஐயா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

மறுவாரம் குழாய் வேலை தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். வந்தவர் என் பழைய மாணவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறியதால் அவரைக் கடைசி வரிசையில் அமர்த்தி, எங்கள் கவனத்தையெல்லாம் தேர்ச்சி பெறக்கூடியவர்கள்மேல் செலுத்தினோம். அக்காலத்தில் அப்படித்தான் செய்தோம். அதற்கு இப்போது காரணம் தேடப் போவதில்லை. அவர் என் அமைப்பைச் சிறிது நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. செக் வால்வைக் கழற்றிக் கவிழ்த்தார். மிளகளவு கூழாங்கல் ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. கதவு மூடும் இடத்தில் அது சிக்கியிருந்தது.

“வேறு நல்ல வால்வு வாங்கலாமா, தம்பி?” என்றேன்.

“எது வாங்கினாலும் ஒரு நாள் ஏதாவது சிக்கும், ஐயா. வால்வு கெட்டது வெளியே தெரியாது. வெள்ளம் வந்த பிறகுதான் தெரியும்.” அவர் பம்புக் குழாயின் முனையைக் காட்டினார். “இங்கே, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே, இரண்டு ஓட்டை போட்டுவிடுவோம். பம்பு நின்றால் மட்டம் ஓட்டைவரை இறங்கும். காற்று உள்ளே போகும். அதோடு நின்றுவிடும்.”

“ஓட்டை அடைத்துக்கொண்டால்?”

“பம்பு ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவது கண்ணுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் பல் துலக்கும் பிரஷை விட்டுத் தேயுங்கள்.”

என் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் தோட்டத்தில் ஓடையிலிருந்து லயன்களுக்கு நீர் ஏற்றும் பம்பைப் பார்த்துக்கொண்டவர். உறிஞ்சும் குழாயின் அடியில், ஓடைக்குள், ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கும். பம்பு நின்றாலும் குழாயில் நீர் வடியாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஓர் இலை சிக்கினாலும் இரவோடிரவாக நீர் வடிந்துவிடும். காலையில் பம்பு வெறுங்காற்றை உறிஞ்சும். அதனால் அவர் ஒவ்வொரு மாலையும் பம்பு வீட்டில் ஒரு வாளி நீரை நிரப்பி மூடி வைத்துவிட்டுத்தான் வருவார், மறுநாள் குழாயில் ஊற்ற. வால்வு நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் இந்த வாளி என்று சிறுவனாக நான் கேட்டதுண்டு. அவர் என்ன சொன்னார் என்பது நினைவில்லை. வாளி நினைவில் இருக்கிறது.

வேலை இரண்டு நாள் நடந்தது. தொட்டியின் பின்கண்ணாடி சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டதன்று என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே கண்ணாடிக் கடையில் துளைக்கக் கொடுத்தார். பதப்படுத்திய கண்ணாடியில் துளையிட்டால் அது நொறுங்கிவிடும். கண்ணாடியைத் தாண்டிக் குழாய் செல்லும் இடத்தில் மரையிட்ட இணைப்பு ஒன்று வரும். அதன் ரப்பர் வளையம் நீர் உள்ள பக்கம் இருக்க வேண்டும். கையால் முறுக்கினால் போதும். சாவியை வைத்து முறுக்கிக் கண்ணாடியை உடைத்தவர் பலர் என்றார். பித்தளை வால்வைக் கழற்றிப் போட்டார். பித்தளையில் செம்பு உண்டு. செம்பு சிறிதளவு கரைந்தாலும் மீனுக்கு ஆகாது, நத்தைக்கும் இறாலுக்கும் இன்னும் ஆகாது. பம்பிலிருந்து மேலே செல்ல முக்கால் அங்குலக் குழாய். கீழே வடிய ஓர் அங்குலக் குழாய். வடிவதற்கு ஈர்ப்பு ஒன்றே துணை. ஆகவே அந்த வழி எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். செங்கோணமாகத் திரும்ப வேண்டிய இடங்களில் அரைத்திருப்பம் இரண்டு வைத்தார். பம்பின் அருகிலும் வால்வின் அருகிலும் யூனியன் போட்டார். நாளை ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் குழாயை அறுக்க வேண்டாம். பசை தடவுவதற்கு முன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் பென்சிலால் கோடிட்டார். அந்தக் கோடுகளின் ஒழுங்கை என் மாணவர்களின் வரைபடங்களிலும் அதிகம் கண்டதில்லை.

பின்கண்ணாடியில் வடிவதற்கென்று அவர் இரண்டு வாய்கள் வைத்தார். ஒன்றில், கீழே, பல சுற்றுச் சுற்றி மூடும் கேட் வால்வு. பந்து வால்வைக் கால் சுற்றில் மூடிவிடலாம். ஆனால் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைப்பதற்குக் கேட் வால்வே ஏற்றது. அதனைத் திருகித் திருகி, குழாய் முழுவதும் நீரால் நிரம்பி, காற்றுக் கலவாமல் இறங்கும்படி செய்தார். காற்று இல்லாவிட்டால் ஓசையும் இல்லை. நான் குழாயை அமிழ்த்திப் பெற்ற அமைதியை அவர் இடுக்கண் இன்றிப் பெற்றுத் தந்தார். மற்றொரு வாய், முதல் வாயைவிட ஒரு விரல் உயரத்தில் இருந்தது. அதில் வால்வே இல்லை. மற்ற நாளில் அதில் ஒரு சொட்டும் போகாது. முதல் வாயை இலையோ பாசியோ அடைத்தால் அது முழு நீரையும் ஏற்றுக்கொள்ளும்.

“இதற்கும் ஒரு வால்வு வைத்தால் என்ன?” என்று கேட்டேன். பழைய புத்தி எளிதில் போகவில்லை.

“வைத்தால் யாராவது மூடிவிடுவாங்க, ஐயா.”

அப்போதுதான் எனக்கு அது விளங்கியது. தமிழ்நாட்டு ஏரிகளில் நீரைப் பாசனத்துக்குத் திறந்துவிட மதகு உண்டு. அதற்குக் கதவு உண்டு. மிகுந்த நீர் வழிந்தோடக் கலிங்கு உண்டு; அதற்குக் கதவு இல்லை. சில ஏரிகளில் கலிங்கின்மேல் கற்களை நட்டு, மழை ஓய்ந்தபின் இடையில் பலகையோ மண்ணோ வைத்து இன்னும் ஒரு முழம் நீரைத் தேக்குவார்கள். உரிய காலத்தில் அதனை எடுக்க மறந்தால் கரை உடையும். மதகு, கலிங்கு என்னும் இரண்டு சொற்களையும் பொருள் எழுதச் சொல்லி எத்தனையோ தாள்களைத் திருத்தியிருக்கிறேன். இரண்டுக்கும் “நீர் வெளியேறும் வழி” என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண் இட்டிருக்கிறேன்.

மேலே வரும் நீரைப் பத்து லிட்டர் வாளியில் பிடித்து அளந்தோம். நிரம்ப 32 விநாடி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,125 லிட்டர். அட்டைப்பெட்டி சொன்னதில் பாதிக்குச் சற்று மிகுதி. ஏழு மீனுக்கு இது தாராளம் என்றார். தம் கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஐயா என்பதற்காக ஒரு வெள்ளியும் குறைக்கவில்லை. அதனை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

நீரைப் பீப்பாயிலிருந்து எடுத்து நிரப்பி, ஆயையும் நள்ளியையும் துணைக்கு விட்டு, கற்களில் நுண்ணுயிர் பெருகட்டும் என்று ஆறு வாரம் காத்திருந்தோம். பின்னர் ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் சிலருடன் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பதினொருவர் வீட்டுக்கு வந்தார்கள். புதிய மீன்கள் ஐந்தும் பையில் இருந்தன. பிள்ளைகள் தங்கள் சேமிப்பிலிருந்து வாங்கியவை. பணத்தைத் திருப்பித் தர முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார்கள். ஒப்புகைப் பெண் பையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும் என்றாள். நானே அணைக்கப் போனேன். அவள் தடுத்துவிட்டுத் தானே அணைத்தாள்.

கீழ்த்தொட்டியில் நீர் ஏறியது. மேலே மட்டம் இறங்கியது. பலகைப் பெட்டியைச் சுற்றி எல்லாரும் குனிந்து நின்றார்கள். இரண்டு விரல் இறங்கியதும் குழாயின் ஓட்டைகளில் காற்று புகும் உறிஞ்சல் ஒலி எழுந்தது. சிறுவன் ஒருவன் பாயசத்தின் கடைசியை உறிஞ்சுவதுபோல். நீர் நின்றது. விளிம்புக்கு இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது. ஒருவன் அந்த மட்டத்தில் நீலநிற நாடாவை ஒட்டினான். பிறகு கேட் வால்வை முழுவதும் மூடச் சொன்னாள். மூடி, பம்பை ஓட விட்டோம். மேல்மட்டம் ஒரு விரல் ஏறியது. கலிங்கின் வழியே நீர் பெருங்குரலோடு இறங்கியது. தரையில் ஒரு சொட்டும் இல்லை.

“இன்னும் ஒரு முறை, ஐயா” என்றாள்.

மூன்று முறை செய்தோம். அதன் பின்னரே பையைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டாள்.